படியில் உட்கார ஆள் வேண்டும்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
8 பிப்ரவரி 2026

அன்புள்ள ஜூடிக்கு,

உன் வாயாடி மாரீஸ்வரி எழுதுகிறேன். இங்கே நானும் என் வீட்டுக்காரரும் சுகம். அவருக்கு முட்டி வலி, எனக்கு அவர் வலி. மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீயும் மெர்வினும் மருமகளும் பேத்தியும் அந்த ஆக்லாந்து குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றும்போது சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். அங்கே இப்போது வெயில்காலம் என்று நீ போன தடவை சொன்னது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. அடிக்காமல் விடுகிறேன், கிடக்கட்டும்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குத் தாளைத் தேடுகிறாள் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நான் அழுவேன், நீ பேச்சை மாற்றுவாய். ஐம்பது வருஷமாக இதே கூத்துதான். இன்னொன்றும் உண்டு. இது உன் பெயருக்கு வருகிற கடிதம், ஆனால் மெர்வின் படிக்க வேண்டிய கடிதம். அவன் எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பான் என்று சொன்னாய் அல்லவா, அதனால் போலீஸ் ஸ்டேஷனில் கேஸ் எழுதின மாதிரி தெளிவாக, நிறுத்தி எழுதுகிறேன். உன் கை ஆபரேஷன் மார்ச் ஒன்பதாம் தேதி. அதற்கு முன்னால் அவன் இதைப் படித்துவிட வேண்டும்.

போன வாரம் நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பது வருஷமாக நீளாத உன் இடது முழங்கை பேத்தியைத் தூக்க முடியாமல் இப்போது மரத்துப்போகிறது என்பதும், பெரிய டாக்டர் அறுத்துச் சரிசெய்யலாம் என்றதும் எனக்கு முன்பே தெரியும். நீ புதிதாகச் சொன்னது மெர்வின் பேசியதை. பத்து வயதுப் பிள்ளையைக் கொய்யா மரத்தில் ஏறவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார், தாத்தா கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் அம்மாவுக்கு இந்தக் கதி வந்திருக்குமா, இந்த ஊராக இருந்தால் அவர் மேல் கேஸ் போட்டிருப்பார்கள் என்றானாம். நீ ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டாயாம். உன் அப்பா ராபர்ட் சாரை ஒருத்தன் அப்படிச் சொல்ல, அதுவும் அவர் பேரனே சொல்ல, நீ சும்மா இருந்தாய். யாருக்காகச் சும்மா இருந்தாய் என்று எனக்குத் தெரியாதா?

அதோடு விட்டாயா? மறுநாள் காலையில் வாட்ஸப்பில் எனக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறாய். ஹெல்மெட் இல்லை, செல்போன் இல்லை, சீட் பெல்ட் இல்லை, குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தோம், காயத்தில் காப்பித்தூளை அப்பினோம், ஆனாலும் நாம் எல்லாரும் பிழைத்துக்கிடந்தோம், நாம்தான் கொடுத்துவைத்த தலைமுறை என்று. கீழே பத்துக் கைகூப்பு. எனக்கு வந்த கோபத்தில் போனைக் கட்டிலில் எறிந்தேன். நல்லவேளை, மெத்தையில் விழுந்தது.

கோபம் அடங்கினதும் திரும்ப எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் சிரிப்பு வந்தது, ஜூடி. எதையும் பொய் என்று தள்ள முடியவில்லை. எங்கள் அண்ணன் ஐயாதுரையின் சைக்கிளில் நீ முன்னால் கம்பியில், நான் நடுவில் குரங்குப்பெடல் போட்டுக்கொண்டு, பின்னால் கேரியரில் மாவடு மூட்டை. பிரேக் என்பது என் செருப்பில்லாத கால். பஞ்சுப் பொதி ஏற்றிப்போகிற லாரியில் பின்னாலிருந்து தொங்கி மில் வாசல் வரைக்கும் போவோம், டிரைவருக்குத் தெரியும், தெரியாத மாதிரி மெதுவாக ஓட்டுவார். வீட்டில் நம்மைத் தேடவே மாட்டார்கள். சாயங்காலம் மில் சங்கு ஊதினால் எங்கே இருந்தாலும் வீட்டுப் படியில் கால் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

ஆடிப்பூரத் தேருக்கு இங்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து நாம் இரண்டு பேரும் தொலைந்துபோனது உனக்கு ஞாபகம் இருக்கும். நம்மைக் கண்டுபிடித்துக் கொடுத்தது போன் இல்லை, கேமரா இல்லை. அந்தப் பால்கோவாக் கடைக்காரர் அழுகிற இரண்டு பெண்பிள்ளைகளைக் கல்லாப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு இலையில் பால்கோவா கொடுத்து, மைக்செட்காரரிடம் ஆள் அனுப்பினார். ராஜபாளையம் கண்ணுச்சாமி மகளும் ராபர்ட் வாத்தியார் மகளும் இன்ன கடையில் இருக்கிறார்கள் என்று தெரு முழுக்கக் கேட்டது. எங்கள் அய்யா வந்து சேர்ந்தபோது நீ இரண்டாவது இலை வாங்கியிருந்தாய். இப்போது அதே தெருவில்தான் காய்கறி வாங்கப் போகிறேன். அந்தக் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் மனது குளிர்ந்துபோகும். அப்படி ஒரு காலத்தில் நம்மைப் பிறக்கவைத்த சாமிக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் காணாது.

ஆனாலும் எல்லாரும் பிழைத்துக்கிடந்தோம் என்று எழுதியவருக்கு ஸ்டேஷனில் என் பக்கத்தில் ஒரு மாதம் உட்கார இடம் கொடுத்திருக்க வேண்டும். பிழைக்காதவர்கள் மெசேஜ் அனுப்புவதில்லை. முப்பத்தேழு வருஷம் விபத்து கேஸ் எழுதினவள் நான். உன் பேத்திக்கு மூன்று சக்கர வண்டி ஓட்டக்கூட ஹெல்மெட் மாட்டுகிறார்கள் என்று நீ சிரித்தாயே, மாட்டட்டும். நான் வந்தால் இன்னும் இறுக்கி மாட்டுவேன்.

நான் பிழைத்தது காலம் நல்லதாக இருந்ததால் இல்லை. நீ இருந்ததால். இனிமேல் எழுதுவதை மெர்வின் பக்கத்தில் இருக்கும்போது படி.

மெர்வின், உன் அம்மா கொய்யா மரத்தில் ஏறவே இல்லை. அவளுக்கு மரம் என்றால் பயம், எறும்பு கடிக்கும் என்பாள். நடந்தது இது.

சம்பவம் நடந்த இடம், ராஜபாளையத்தில் அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் எங்கள் மாந்தோப்புக் கிணறு. காலம், 1975 மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். எங்கள் பக்கத்தில் நீச்சல் பழகுகிறது கிணற்றில்தான். காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டை முதுகில், அக்குளுக்கு நேராக வைத்து, நெஞ்சைச் சுற்றிக் கயிற்றால் கட்டி இறக்கிவிடுவார்கள். குடுக்கை மிதக்கும், அதோடு பிள்ளையும் மிதக்கும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. யார் கட்டிவிட்டார்களோ அவர்கள், பிள்ளை கரை ஏறிக் கயிற்றை அவிழ்க்கிற வரைக்கும் கிணற்றுப் படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எச்சில் துப்பக்கூட எழுந்திருக்கக் கூடாது. எனக்கு எப்போதும் கட்டிவிடுகிறது ஐயாதுரை அண்ணன். அவன் இல்லாமல் கிணற்றில் இறங்கினால் அன்றோடு பள்ளிக்கூடம் கிடையாது, ஆடு மேய்க்க வேண்டியதுதான் என்று எங்கள் அய்யா கண்ணுச்சாமி சொல்லிவைத்திருந்தார். அவர் சொன்னால் செய்கிற ஆள்.

அன்றைக்கு அண்ணன் பம்புசெட்டுக்கு டீசல் வாங்கப் போயிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. நானே எனக்குக் கட்டிக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் கை எட்டாமல் இடுப்பில் முடிச்சுப் போட்டேன். உன் அம்மா வேண்டாம் என்றாள். அண்ணன் வரட்டும், செத்த நேரம் பொறு என்றாள். நீ என்ன பெரிய இவளா என்று கேட்டுவிட்டுக் குதித்தேன். குடுக்கை இடுப்புக்குக் கீழே நழுவியது. பின்புறம் மேலே வந்துவிட்டது, தலை தண்ணீருக்குள் போய்விட்டது. எவ்வளவு உதைத்தாலும் குடுக்கை என் இடுப்பைத்தான் தூக்கிப் பிடித்ததே தவிர முகத்தைத் தூக்கவில்லை.

உன் அம்மா அவளுடைய அம்மாவின் ஊரில், தாமிரபரணித் தண்ணீரில் நீந்தி வளர்ந்தவள். ஆனால் கிணறு அவளுக்குப் பழக்கம் இல்லை. மேட்டிலிருந்து அப்படியே குதித்தாள். சுவரிலிருந்து கல்படி நீட்டிக்கொண்டிருப்பதை அவள் கவனிக்கவில்லை. இடது முழங்கை அதில் அடித்தது. அடித்த பிறகுதான் என் முடியைப் பிடித்தாள். ஒற்றைக் கையால் என்னை இழுத்துப் படியில் போட்டாள். நான் தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடந்தபோது அவள் கை வேறு திசையில் திரும்பியிருந்தது. அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், அய்யாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்கூடம் போச்சே என்று. உயிர் வந்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு அந்தக் கவலை. அப்போது உன் அம்மா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"ஏட்டி, அழாத. நான் எங்க வீட்டு கொய்யா மரத்துல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் சொல்லிராத."

அப்படியே சொன்னாள். எலும்பு வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டு அவிழ்த்தபோது கை மடங்கினபடியே நின்றுவிட்டது. எனக்குப் பள்ளிக்கூடம் நிற்கவில்லை.

இனி சொல்வது உன் அம்மாவுக்கும் தெரியாது. ஜூடி, நீயும் கேள்.

கட்டுப் போட்ட மூன்றாம் நாள் உன்னைப் பார்க்க மாம்பழம் இல்லாத காலத்தில் இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் உன் அப்பா அரிவாளோடு நின்றுகொண்டிருந்தார். அந்தக் கொய்யா மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார். பாதி வெட்டியாகிவிட்டது, காயும் பிஞ்சுமாகத் தரையெல்லாம் கிடந்தது. ஒரு வாத்தியார் வேர்த்து விறுவிறுத்து மரம் வெட்டுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தார். பத்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரிய மனுஷர் பேசுகிற மாதிரி இல்லை அவர் பேசியது.

"மாரீஸ்வரி, நான்தான் பிள்ளையக் கவனிக்காம விட்டுட்டேன், இல்லையா?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை, தலையை ஆட்டினேன். அவர் திரும்பவும் வெட்ட ஆரம்பித்தார். நான் வாழைப்பழத்தை உன் அம்மா அன்னத்தாய் கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். மரத்தை வெட்டினது பூச்சி விழுந்ததால் என்று உனக்குச் சொன்னார்களே, பூச்சி எல்லாம் இல்லை, ஜூடி. அவர் செத்துப்போகிறவரைக்கும், எங்கே பார்த்தாலும், நல்லாயிருக்கியாம்மா என்று கேட்டுவிட்டு, உன் கை மாதிரி இல்லாமல் நேராக நீள்கிற என் கையைத்தான் ஒரு தரம் பார்ப்பார். அடக்கத்தன்று நான் யூனிபாரத்தோடு வந்து குழி அருகில் நின்று சல்யூட் அடித்தபோது, படிக்க வைத்த வாத்தியாருக்கு மரியாதை செய்கிறாள் என்று ஊர் மெச்சியது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் உயிரோடு இருந்தபோது கேட்கத் துப்பில்லாதவள்.

மெர்வின், உன் தாத்தா கவனமில்லாத மனுஷர் இல்லை. செய்யாத தப்புக்குத் தன் கையால் மரத்தை வெட்டினவர். நீ கேஸ் போடுவதாக இருந்தால் என் பெயரில் போடு.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987-ல் போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தபோது மதுரைக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம். போலீஸ் ஆக வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது உன் அம்மா, நான் இல்லை. நான் துணைக்குப் போனவள். ஓட்டத்தில் அவள் என்னைவிட முன்னால் வந்தாள், தாண்டுதலில் எல்லாரையும்விட அதிகம் தாண்டினாள். கடைசியில் வரிசையில் நிறுத்தி இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார்கள். அவள் இடது கை முக்கால்வாசியில் நின்றது. எப்படி ஆச்சு என்று அதிகாரி கேட்டார். கொய்யா மரம் என்றாள், என் பக்கம் திரும்பாமலே. பக்கத்தில் நான் இரண்டு கையையும் நேராக நீட்டிக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது பஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றது. அவள் இறங்கிப் போய் நான் தேர்வானதற்குப் பால்கோவா வாங்கி வந்து என் வாயில் ஊட்டினாள். அதற்கப்புறம் அவள் பால்வாடி டீச்சரானாள். அந்தக் கையை வைத்துக்கொண்டே நாற்பது பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினாள், உன்னையும் வளர்த்தாள். ஒரு நாளும் என்னைக் குத்திக் காட்டினது இல்லை.

நான் வாங்கின யூனிபாரம் அவளுடையது என்று எனக்கு எப்போதும் நினைப்பு இருந்தது. அதனால் ஒரு வேலை செய்தேன். எந்த ஸ்டேஷனில் போட்டாலும், ரோந்து போகிற வழியில் கிணறு இருந்தால் வண்டியை நிறுத்துவேன். முடிச்சு முடிச்சாகப் போட்ட கயிறு ஒன்று தண்ணீர் வரைக்கும் தொங்குகிறதா என்று பார்ப்பேன். இல்லை என்றால் தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் கட்டவைத்துவிட்டுத்தான் நகர்வேன். இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. என் சட்டத்தில் இருக்கிறது என்பேன். கயிறு ஏட்டம்மா வருதா, ஒளிஞ்சுக்கோ என்று கேலி பேசினார்கள். பேசட்டும். கூமாப்பட்டியில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் ஏழு வயதுப் பெண்பிள்ளை தவறி விழுந்து, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தொங்கியிருந்து உயிரோடு வந்தது. அவளுடைய அம்மா தன் புருஷனையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து என் காலைத் தொட்டாள். நான் பதறிப்போய் விலகிக்கொண்டேன். ஜூடி, அந்தக் கும்பிடு உனக்கு வந்தது. நான் இடையில் வாங்கிவைத்திருந்தேன், இப்போது அனுப்பிவிட்டேன்.

நேற்று இட்லி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிலிட்டரிக்காரர் அல்லவா, முழுதும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார். அதான் அய்யனார் கோவில் அருவிக்கு எத்தனை தடவை கூட்டிக்கொண்டு போனாலும் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றாயா என்று கேட்டார். கல்யாணம் ஆகி முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அதற்குக் காரணம் தெரிந்திருக்கிறது அந்த மனுஷருக்கு. அதற்கப்புறம் இன்னும் இரண்டு இட்லி எடுத்து என் தட்டில் வைத்தார். உண்மைதான், அன்றைக்குப் பிறகு நான் கணுக்கால் நனையத் தண்ணீரில் நின்றதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தோப்புக்குப் போய் வந்தேன். ஐயாதுரை அண்ணன் கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுக் கதவு வைத்துப் பூட்டியிருக்கிறான். நான் சொல்லித்தான் போட்டான், இப்போது நானே சாவி கேட்டு நின்றேன். திறந்து பார்த்தேன். போன மழையில் வந்த தண்ணீர் பாதிக் கிணறு நிற்கிறது. அந்தக் கல்படி அப்படியே இருக்கிறது. தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அண்ணன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான், அவனுக்கும் இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அவன் வீட்டுக்குத்தான் போகிறேன்.

ஆபரேஷனுக்குப் பயப்படாதே. முழுசாக நீளாவிட்டாலும் பேத்தியைத் தூக்குகிற அளவுக்கு வந்துவிடும் என்று டாக்டர் சொன்னாரே, போதும். பிஸியோதெரபி என்று தருகிற பயிற்சியைச் சோம்பல் படாமல் செய். மருமகளிடம் நான் கேட்டுத் தெரிந்துகொள்வேன், ஏமாற்ற நினைக்காதே. உன் கர்த்தரும் எங்கள் ஆண்டாளும் இரண்டு பக்கமும் நின்று உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். மெர்வினும் நீயும் ராபர்ட் சார் படத்துக்கு முன்னால் ஒரு ஜெபம் செய்யுங்கள், அதில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துமசுக்கு எல்லாரும் இங்கே வந்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் அதற்குள் கிணறு நிறைந்திருக்கும். அறுபது தாண்டின வயதில் நான் இறங்கப் போகிறேன், ஜூடி. சுரைக்குடுக்கை வாங்கி வைத்துவிட்டேன். வேறு யாரும் கட்டக் கூடாது, வேறு யாரும் படியில் உட்காரக் கூடாது. நீ வந்து கட்டு. அக்குளுக்கு நேராக, முதுகில் வைத்து, இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டு.

உன் உயிரில் பாதி,
மாரீஸ்வரி